நான்கு பேர் சொன்னால் போதுமா? கின்னஸ் ஆலையில் பெயரை மறைத்து எழுதிய மனிதரின் கதை

சென்ற வருடம் லண்டன் போயிருந்தபோது அல்பேர்ட்டனில் பெரியம்மாவின் மகன் வீட்டில் தங்கினேன். அண்ணா பார்க் ரோயல் தொழிற்பேட்டையில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறவர். ஒரு ஞாயிறு மாலை குசினி மேசையில் இரண்டு சிறிய கண்ணாடிக் கோப்பைகளை வைத்து, இரண்டையும் குடித்துப் பார்த்து வித்தியாசம் சொல்லச் சொன்னார்.

இரண்டிலும் இருந்தது ஒரே பியர். சிறு ஆலை ஒன்றில் செய்தது. எட்டு வீத அற்ககோல், அள்ளிப்போட்ட ஹொப்ஸ். ஒரு ரின் ஒரு மாதத்துக்கு முன் அடைக்கப்பட்டது, மற்றது ஏழு மாதங்களுக்கு முன். எந்தக் கோப்பையில் எது என்பதை மட்டும் அண்ணா சொல்லவில்லை.

இடப்பக்கக் கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் தோடம்பழத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு வாசம் எழுந்தது. அதன் பின்னால் பழுத்த மாம்பழம், அதற்கும் பின்னால் மரப்பிசின். வாயில் வைத்ததும் தானியத்தின் இனிப்பு, விழுங்கிய பிறகு அடிநாக்கில் பாகற்காய்க் கசப்பு. அந்தக் கசப்பு நெடுநேரம் நின்றது. வலப்பக்கக் கோப்பையில் வாசம் அடங்கியிருந்தது. இனிப்புத் தூக்கல், கசப்புத் தட்டை, கடைசியில் நனைந்த கடதாசி மட்டையின் மணம் லேசாக. இடப்பக்கத்தில் இருப்பது புதியது என்றேன். சரியாகத்தான் சொல்லியிருந்தேன்.

அண்ணா சிரித்தார். இரண்டில் ஒன்றைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதித் தரம் சரிவரும், ஒருமுறை சரிவந்ததை வைத்து உனக்கு நல்ல நாக்கு என்று எப்படி நம்புவது என்று கேட்டார். பிறகு, இந்தக் கேள்வியோடு வாழ்க்கை முழுவதும் மல்லுக்கட்டிய ஒரு மனிதர், தான் இப்போது வேலை செய்கிற பார்க் ரோயலில்தான் கடைசியாக வேலை செய்தார் என்றார்.

அவர் சொன்ன பெயரை நான் ஏற்கனவே படித்திருந்தேன். ஊடகக் கற்கைகள் பட்டப்படிப்பில் ஆய்வு முறையியல் பாடத்துக்கு ஸ்ருடன்ற் ரீ-சோதனை என்று ஒன்று வரும். மாணவர்களுக்காக இலகுபடுத்திய சோதனை என்று நினைத்து மனப்பாடம் செய்து எழுதி, சோதனையில் சித்தியும் அடைந்தேன். அது ஒரு மனிதரின் புனைபெயர் என்றோ, அவர் ஒரு பியர் ஆலை ஊழியர் என்றோ எனக்குத் தெரியாது.

தொடர முன் ஒன்றைச் சொல்லவேண்டும். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஊர்களில் மது என்ன செய்தது என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குடிக்க அழைப்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. கொஞ்ச ஆதாரத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கண்டுபிடித்த ஒருவரின் கதை இது. அந்தக் கேள்வி எனக்கும் பழையது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஹொப்ஸ் விளையும் ஊரில் பிறந்தவர்

வில்லியம் சீலி கொசெட் 1876 ஜூன் 13 ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் உள்ள கன்ரபரியில் பிறந்தார். ஹொப்ஸ் தோட்டங்களுக்குப் பேர்போன மாவட்டம் அது. தந்தை இராணுவப் பொறியியல் படையில் கேணல். மூத்த மகனும் அதே படையில் சேர விரும்பினார். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வின்செஸ்ரர் கல்லூரியில் புலமைப்பரிசிலோடு படித்து, ஒக்ஸ்போர்ட் நியூ கல்லூரிக்குப் போய், கணிதத்திலும் பிறகு 1899 இல் இரசாயனவியலிலும் முதல் வகுப்பில் தேறினார்.

அதே வருடம் ஒக்ரோபரில் டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது உலகிலேயே மிகப் பெரிய பியர் ஆலை அதுதான். அந்தக் காலத்துப் பியர் ஆலைகள் அனுபவசாலிகளின் மூக்கையும் கையையும் நம்பி ஓடிக்கொண்டிருந்தன. கின்னஸ் மட்டும் 1890களிலிருந்து ஒக்ஸ்போர்ட்டிலும் கேம்பிரிட்ஜிலும் விஞ்ஞானம் படித்த இளைஞர்களைத் தேடி எடுக்கத் தொடங்கியிருந்தது.

ஹொப்ஸ் என்பது ஒரு கொடி. அதன் பெண் கொடியில் பச்சை நிறத்தில் சிறு கூம்புபோலப் பூ வரும். இதழ்களுக்கு இடையே மஞ்சள் தூளாகப் பிசின் இருக்கும். பியரின் கசப்பும் வாசமும் அந்தப் பிசினிலிருந்துதான் வருகின்றன. பியர் பழுதாகாமல் காப்பதும் அதுதான். கின்னஸ் வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பிய கடும் கறுப்பு ஸ்ரவுட்டுக்கு வழமையைவிடக் கூடுதலாக ஹொப்ஸ் போட்டது, அது வாரக்கணக்கில் கடலில் கிடந்தாலும் கெட்டுப்போகக்கூடாது என்பதற்காகத்தான்.

வியாபாரிகள் ஹொப்ஸை எடைபோட்ட விதம் எளிமையானது. ஒரு கைப்பிடியை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே தேய்த்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார்கள். இன்றும் ஹொப்ஸ் வாங்குவோர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு இவ்வளவு பெரிய தொகையில் வாங்கும் ஓர் ஆலைக்கு, இந்தத் தோட்டத்து ஹொப்ஸ் அந்தத் தோட்டத்தைவிடச் சிறந்ததா என்பதை ஒருவரின் மூக்கை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

கொசெட் வருவதற்கு ஒரு வருடம் முன்னரே அங்கிருந்த இன்னொரு விஞ்ஞானி இதில் கைவைத்திருந்தார். ஹொப்ஸில் உள்ள மென்பிசினின் அளவை அளந்தார். ஒரு தொகுதியில் 11 மாதிரிகள், சராசரி 8.1 வீதம். இன்னொரு தொகுதியில் 14 மாதிரிகள், சராசரி 8.4 வீதம். இப்போது என்ன சொல்வது? இரண்டும் உண்மையிலேயே வேறுபட்டவையா, அல்லது தற்செயலாகக் கைக்கு வந்த மாதிரிகள் அப்படி அமைந்துவிட்டனவா? இதற்கு அந்த ஆலையில் எவரிடமும் பதில் இருக்கவில்லை. ஆலைக்கு வெளியிலும் இருக்கவில்லை. அந்தக் காலப் புள்ளிவிபரவியல் முழுவதும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவீடுகள் கையில் இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது.

எத்தனை தரம் அளந்தால் போதும்?

ஆலையில் கணிதம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த கொசெட்டிடம் இந்தத் தலையிடி வந்து சேர்ந்தது. 1904 நவம்பரில் அவர் நிர்வாகத்துக்கு ஓர் உள்ளக அறிக்கை எழுதினார். அதில் ஓர் உதாரணம். முளைகட்டிய பார்லியிலிருந்து கிடைக்கும் சர்க்கரைச் சாற்றின் அளவை ஆய்வுகூடத்தில் அளக்கிறார்கள். ஒவ்வொரு தரமும் விடை சற்று மாறி வருகிறது. பிழை அரைப் பாகைக்குள் அடங்கவேண்டுமென்றால் எத்தனை தரம் அளக்கவேண்டும்?

அவர் கணக்கின்படி, இரண்டு தரம் அளந்து சராசரி எடுத்தால் பிழை அந்த எல்லைக்குள் இருக்க 4 இற்கு 1 என்ற வாய்ப்பு. மூன்று தரம் என்றால் 7 இற்கு 1. நான்கு தரம் என்றால் 12 இற்கு 1. ஐந்து தரம் என்றால் 19 இற்கு 1. ஏறக்குறைய முழு நிச்சயம் வேண்டுமென்றால் 82 தரம் அளக்கவேண்டும். ஆலைக்கு 10 இற்கு 1 என்ற நிச்சயம் போதும் என்றால் நான்கு தரம் அளந்தால் சரி.

இதை வாசித்தபோதுதான் எனக்கு அந்த மனிதர்மீது மதிப்பு வந்தது. நிச்சயம் என்று ஒன்று இல்லை, அதனால் எதையும் சொல்லமுடியாது என்று அவர் கையை விரிக்கவில்லை. எவ்வளவு நிச்சயம் தேவை, அதற்கு எவ்வளவு செலவாகும், குறைந்த செலவில் எவ்வளவு நிச்சயம் கிடைக்கும் என்று ஒரு கடைக்காரர்போலக் கணக்குப் பார்த்தார். 82 சோதனைகள் செய்ய ஆலைக்கு நேரம் கிடையாது. பார்லி வருடத்துக்கு ஒருமுறைதான் அறுவடையாகும். பரிசோதனை வயல் நாலோ ஐந்தோதான். கையில் இருப்பது அவ்வளவுதான் என்றால், அதை வைத்து நேர்மையாக எவ்வளவு சொல்லலாம்?

1905 ஜூலையில், விடுமுறையில் இங்கிலாந்து வந்திருந்த கொசெட், அந்நாளின் புள்ளிவிபரவியல் பெரும்புள்ளியான கார்ல் பியர்சனைக் காண சைக்கிளில் இருபது மைல் அளவில் ஓடிப்போனார். அடுத்த வருடம் திருமணம் முடித்தார். அதே வருடம் ஆலையே அவரைப் பியர்சனின் ஆய்வுகூடத்துக்கு ஒரு வருடம் அனுப்பி வைத்தது. பியர்சனுக்குப் பெரிய மாதிரிகளில்தான் நம்பிக்கை. இத்தனை சின்ன எண்ணிக்கைகளோடு விளையாடுவது பியர் காய்ச்சுபவர்களின் குறும்பு என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் பகிடி பண்ணினார். என்றாலும் இடம் கொடுத்தார், தன் சஞ்சிகையில் பிரசுரமும் கொடுத்தார்.

1907 இல் வந்த முதல் கட்டுரை மதுவக் கலங்களை எண்ணுவது பற்றியது. இரத்தக் கலங்களை எண்ணப் பயன்படும், கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் 400 கட்டங்களில் மதுவக் கலங்களை எண்ணிப் பார்த்து, ஒரு துளியை வைத்து முழுத் தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது எவ்வளவு பிழை வரும் என்று காட்டினார்.

அடுத்த வருடம் வந்த கட்டுரைதான் அவர் பெயரை நிலைக்கச் செய்தது. கணித முறையில் ஒரு சூத்திரத்தை ஊகித்திருந்தார். ஆனால் அதை முழுமையாக நிறுவ அவரால் முடியவில்லை. அதனால் சோதித்துப் பார்த்தார். இங்கிலாந்துச் சிறைக் கைதிகள் 3,000 பேரின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் ஏற்கனவே ஒருவரால் அளக்கப்பட்டுப் பிரசுரமாகியிருந்தன. அந்த 3,000 பேரின் அளவுகளையும் 3,000 மட்டைகளில் எழுதினார். சீட்டுக்கட்டுப்போலக் கலைத்தார். நான்கு நான்காக எடுத்தார். 750 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கே நான்கு பேர். ஒவ்வொரு நால்வரின் சராசரியும் முழுக் கூட்டத்தின் உண்மையான சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறது என்று பார்த்தார். கணினி இல்லாத காலம். எல்லாம் கையால்.

கிடைத்த விடை அவரது சூத்திரத்தோடு நன்றாகவே ஒத்துப்போனது. நான்கு பேரை வைத்தும் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் பெரிய மாதிரி எடுத்தவரைவிட அகலமான சந்தேகத்தோடு சொல்லவேண்டும். அந்த அகலம் எவ்வளவு என்பதை அவர் அட்டவணையாகவே போட்டுக் கொடுத்தார்.

பெயரில்லாத பெயர்

அந்தக் கட்டுரையில் கொசெட் என்ற பெயர் இல்லை. ஸ்ருடன்ற், அதாவது மாணவன், என்று மட்டும் இருந்தது. ஆலைக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக எழுதினார் என்று ஒரு கதை உலாவுகிறது. அது சரியல்ல. ஆலை அனுமதி கொடுத்தது, ஆனால் நிபந்தனைகளோடு. பியர் பற்றிப் பேசக்கூடாது, கின்னஸ் பெயர் வரக்கூடாது, எழுதுபவரின் சொந்தப் பெயரும் வரக்கூடாது. கணிதம் படித்தவர்களை வைத்து இலாபம் பார்க்கிறோம் என்று போட்டியாளர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பது கணக்கு. ஹொப்ஸுக்காகவும் பார்லிக்காகவும் பிறந்த ஒரு முறை, சிறைக் கைதிகளின் விரல் நீளத்தை உதாரணமாகக் காட்டி வெளியே வந்தது இதனால்தான்.

அதன்பிறகு முப்பது வருடங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்தப் பெயரிலேயே எழுதினார். எங்கள் பக்கத்துப் பத்திரிகையாளர்களுக்குப் புனைபெயர் புதிதல்ல. வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகப் பெயரை மாற்றிக்கொண்டவர்களிடம்தான் நான் தொழில் பழகினேன். கொசெட்டுக்கு இருந்தது வியாபார இரகசியம், எங்களுக்கு இருந்தது உயிர்ப்பயம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் எழுதியவர் யார் என்று தெரியாதபோது எழுதிய விடயம் தன் காலிலேயே நிற்கவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. ஒக்ஸ்போர்ட் பட்டதாரி சொன்னார் என்றோ கேணலின் மகன் சொன்னார் என்றோ எவரும் அந்தக் கட்டுரையை நம்பவில்லை. பல வருடங்கள் அதை எவரும் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் உண்மை.

கண்டுகொண்டவர் றொனால்ட் பிஷர். 1912 இல் கேம்பிரிட்ஜ் மாணவனாக இருந்தபோதே, கொசெட்டின் சூத்திரத்துக்கு முழுமையான கணித நிறுவலை எழுதி அவருக்கு அனுப்பினார். கொசெட்டுக்கு அது விளங்கவில்லை. அதை மறைக்காமல், தனக்கு விளங்கவில்லை என்று சொல்லியே பியர்சனுக்கு அனுப்பி வைத்தார். பின்னாளில் பிஷரின் கைபட்டு, 1925 இல் வந்த அவரது நூல் வழியாக, அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. மருந்துச் சோதனையிலிருந்து விவசாயம் வரை இன்று அது இல்லாத இடம் இல்லை. பியர்சனும் பிஷரும் ஒருவரையொருவர் கண்ணால் காணப் பிடிக்காதவர்கள். இருவருக்கும் கடைசிவரை நண்பராக இருந்தவர் கொசெட்.

ஆலைக்குள் நடந்த சூடு

கொசெட் வாழ்ந்த டப்ளின் அமைதியான ஊர் அல்ல. 1916 ஏப்ரலில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக அங்கே கிளர்ச்சி வெடித்தது. கின்னஸின் லொறிகளை இராணுவம் எடுத்து, புகையிரதப் பட்டறையில் கொதிகலன் இரும்பை மேலே பொருத்திக் கவச வண்டிகளாக மாற்றி வீதியில் விட்டது. ஆலைக்குச் சொந்தமான தானியக் களஞ்சியத்தில் காவலுக்கு நின்ற ஒரு சார்ஜன்ட், கிளர்ச்சியாளர்கள் என்று சந்தேகித்ததாகச் சொல்லி நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார். இருவர் பிரித்தானிய அதிகாரிகள், இருவர் கின்னஸ் ஊழியர்கள். நால்வரில் ஒருவர்கூடக் கிளர்ச்சியாளர் அல்ல. இராணுவ நீதிமன்றம் விசாரித்து சார்ஜன்டை விடுதலை செய்தது. அதற்குப் பிறகு சுதந்திரப் போர், 1922 இல் உள்நாட்டுப் போர்.

இந்த வருடங்கள் முழுவதும் கொசெட் டப்ளினிலேயே இருந்தார். பியர் காய்ந்தது, பார்லி விதைக்கப்பட்டது, அளவீடுகள் எடுக்கப்பட்டன. வெளியில் துவக்குச் சத்தம் கேட்க உள்ளே கணக்கு எழுதிய நாட்களை எங்கள் வாசகர்களில் பலர் அனுபவித்திருப்பார்கள். ஷெல் விழும் நாட்களிலும் உயர்தரப் பரீட்சை எழுதிய தலைமுறை எங்களுடையது.

அவர் கூடுதலாக உழைத்தது பார்லியில். அயர்லாந்தின் பல பண்ணைகளில் இரண்டு மூன்று பார்லி இனங்களைப் பக்கம் பக்கமாக விதைத்து, எந்த இனம் கூடுதல் விளைச்சலும் நல்ல பியரும் தரும் என்று பார்த்தார்கள். ஒரு வயலின் ஒரு மூலை ஈரம், மற்ற மூலை வறட்சி. நல்ல மண்ணில் விழுந்த இனம் நல்ல இனமாகத் தெரியும். அதனால் இரண்டு இனங்களையும் மாறி மாறிப் பட்டைகளாக விதைத்து, பக்கத்துப் பக்கத்துப் பட்டையை ஒப்பிடும் முறையை அவர் விரும்பினார். பிஷரோ எந்த இனம் எந்தத் துண்டில் என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்மானிக்கவேண்டும் என்றார். இருவரும் இதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை, நட்பும் குறையவில்லை.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. இரண்டு இனங்களும் வேறுபட்டவையா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. எவ்வளவு வேறுபாடு, அதனால் விவசாயிக்கு என்ன கிடைக்கும், தவறாகத் தீர்மானித்தால் எவருக்கு என்ன நட்டம் என்றும் கேட்கவேண்டும். பாடப்புத்தகங்கள் பின்னாளில் அவரது பெயரை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கைவிட்டுவிட்டன. எனக்கும் அதை எவரும் படிப்பிக்கவில்லை.

வீட்டில் அவர் பழமரங்கள் வளர்த்தார், மீன் பிடித்தார், தச்சு வேலை செய்தார். இரண்டு முனையிலும் சுக்கான் வைத்த ஒரு மீன்பிடி வள்ளத்தைத் தானே வடிவமைத்தார். 1934 இல் கார் ஓட்டும்போது ஒரு விளக்குக் கம்பத்தில் மோதிக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களிலும் புள்ளிவிபரம் எழுதினார். 1935 இல் கின்னஸ் லண்டனில் கட்டிய புதிய ஆலையின் விஞ்ஞானப் பொறுப்பை ஏற்றுப் பார்க் ரோயலுக்கு வந்தார். 1937 இல் தலைமை பியர் தயாரிப்பாளரானார். அதே வருடம் ஒக்ரோபர் 16 ஆம் திகதி மாரடைப்பால் இறந்தார். வயது 61. அந்த ஆலையும் 2005 இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அண்ணாவும் அவரைப்போன்ற எத்தனையோ எங்கள் ஆட்களும் இரவு வேலைக்குப் போகும் தொழிற்பேட்டையில் அது ஒரு காலத்தில் நின்றது.

மூன்று கோப்பைகள்

அண்ணாவின் குசினிக்கு வருவோம். சுவையை எப்படிச் சோதிப்பது என்பதற்குப் பிஷர் ஒரு பிரபலமான உதாரணம் வைத்திருந்தார். ஒரு பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே கண்டுபிடிக்க முடியும் என்றார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதல். அந்த நான்கையும் வெறும் ஊகத்தில் சரியாகப் பொறுக்கியெடுக்க 70 இல் ஒரு வாய்ப்புத்தான். 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆலையில் பியருக்கென்று இன்னொரு முறை வந்தது. மூன்று கோப்பைகள் வைப்பார்கள். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்கவேண்டும். ஊகித்தால் மூன்றில் ஒருமுறைதான் சரிவரும். இன்றும் பியர் ஆலைகளில் இந்த முறை நடக்கிறது.

அன்று நாங்களும் அதையே செய்தோம். அண்ணி குடிப்பதில்லை. அவரே நாங்கள் பார்க்காமல் நாணயத்தைச் சுண்டி, ஒவ்வொரு மிடறளவு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நான்கு சுற்று. சுற்றுகளுக்கு இடையே தண்ணீரும் பாண் துண்டும். முதல் இரண்டு சுற்றும் வாசத்திலேயே தெரிந்தது. மூன்றாவதில் கசப்பு நாக்கில் ஏறிவிட்டது, தடுமாறிப் பிழையாகச் சொன்னேன். நான்காவது சரி.

நான்கில் மூன்று. அண்ணா ஒரு கடிதவுறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். ஒன்றுமே தெரியாத ஒருவர் வெறும் ஊகத்தில் நான்கில் மூன்றோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆக, எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்கலாம், ஆனால் சத்தியம் பண்ண ஏலாது. ஒரு மாதப் பியரில் தோடம்பழ வாசம் துலக்கமாக இருந்தது, ஏழு மாதத்தில் அது போய்விட்டது என்பது என் தீர்ப்பு. அதற்குப் பக்கத்தில் ஒன்பதில் ஒன்று என்ற சந்தேகத்தையும் எழுதவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் வன்னியில் நுண்கடன் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கணவனை இழந்த நான்கு பெண்களின் கதை. கடனைக் கட்டக் கடன் எடுத்து, கடைசியில் தோட்டை விற்றவர்கள். கட்டுரை என் சொந்தப் பெயரில் வரவில்லை. வெளியான பிறகு ஒரு நிறுவனத்தின் அதிகாரியைச் சந்தித்தபோது, நான்கு பேரின் கதை தரவு ஆகாது என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபம் பல வருடம் இருந்தது.

இப்போது அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது. நான்கு என்பது ஒன்றுமில்லாதது அல்ல. ஒரு மனிதர் 3,000 மட்டைகளைக் கலைத்து அதைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான்கு பேரிலிருந்து என்ன சொல்லலாம், எவ்வளவு சந்தேகத்தோடு சொல்லலாம் என்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே கணக்கு இருக்கிறது. ஆயிரம் பேர் வரட்டும் என்று காத்திருப்பவருக்கு ஒருவேளை அந்த ஆயிரம் பேரும் தேவையில்லை, காத்திருப்பதுதான் தேவை. தவறாகத் தீர்மானித்தால் நட்டம் எவருக்கு என்றும் அவரிடம் கேட்டிருப்பேன்.

ஆனால் கொசெட் என்னிடமும் ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த நான்கு பேரை எப்படி எடுத்தாய்? அவர் மட்டைகளைக் கலைத்து எடுத்தார். நான் கலைக்கவில்லை. நால்வரையும் எனக்கு அறிமுகப்படுத்தியவர் ஒருவரே, மாதர் சங்கத்தில் இருந்த ஓர் அக்கா. நால்வரும் ஒரே ஒழுங்கையில் இருந்தவர்கள், ஒரே ஆளிடம் கடன் எடுத்தவர்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அதை வைத்து மாவட்டம் முழுவதும் இப்படித்தான் என்று நான் தலைப்பிட்டது பிழை. நல்ல மண்ணில் விழுந்த பார்லியைப் பார்த்து இனத்தைப் புகழ்வது போன்ற பிழை. அந்த அதிகாரி என்னைத் தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததும் அதுதான். இரண்டு ஒழுங்கை தள்ளி, அறிமுகம் இல்லாத நான்கு வீடுகளின் கதவைத் தட்டியிருந்தால் கட்டுரை பலமாக நின்றிருக்கும். ஒரு நாள் வேலை. நான் செய்யவில்லை.

எங்கள் ஊர்களைப் பற்றிப் பெரிய கணக்கெடுப்புகள் வருவது குறைவு. வரும்போதும் எங்கள் கேள்விகளைக் கேட்டு வருவதில்லை. எங்களிடம் இருப்பது நான்கு வீடு, ஆறு சாட்சி, ஒரு கொப்பியில் எழுதிய பெயர்கள். அதை வைத்துக்கொண்டுதான் பேசவேண்டியிருக்கிறது. எப்படிச் சேர்த்தோம் என்பதை மறைக்காமல், எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்தச் சிறிய கணக்கைத் தட்டிவிடுவது லேசல்ல.

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த ஒழுங்கைக்குப் போனேன். இந்த முறை அக்காவிடம் பெயர் கேட்கவில்லை. ஒழுங்கைத் தொங்கலில் தொடங்கி, ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று எண்ணி வீட்டுக் கதவுகளைத் தட்டினேன். அந்தக் கட்டுரை இன்னும் முடியவில்லை. முடியும்போது எத்தனை வீடு, எப்படி எடுத்தேன், எத்தனை பேர் கதைக்க மறுத்தார்கள் என்பது முதல் பந்தியிலேயே இருக்கும்.